கடைமடை வரைக்கும்: டெல்டாவில் ஐந்து நாள்

முதல் நாள் – அக்டோபர் 1, 2025, புதன், தஞ்சாவூர்

இன்று ஆயுத பூசை. விடியற்காலையிலேயே கடையைக் கழுவித் துடைத்து, ஜெராக்ஸ் மெஷின், ஸ்பைரல் பைண்டிங் மெஷின், இரண்டு கணினி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துப் பூப் போட்டாயிற்று. பையில் இருந்த பழைய லேப்டாப்புக்கும் மூடியில் ஒரு பொட்டு. ஞாயிறு வரை கடைக்கு விடுமுறை. அந்த லேப்டாப் என்னோடு வருகிறது.

என் டிடிபி கடையில் எட்டு வருடமாக விண்டோஸ் இல்லை, டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம்தான் ஓடுகிறது. 2017-இல் ஒரு பென்டிரைவில் வந்த வைரஸ் அந்த முகூர்த்த சீசனின் பத்திரிகைக் கோப்புகளை ஒரே ராத்திரியில் தின்றுவிட்டது. அப்போது கடைக்குப் புராஜெக்ட் பிரிண்ட் எடுக்க வந்த ஒரு கல்லூரித் தம்பி, "அக்கா, லினக்ஸ் போட்டுத் தரவா?" என்று கேட்டான். முதல் மாதம் திண்டாடினேன். தமிழ் 99 விசைப்பலகையை ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருள் வழியாக எப்படிக் கொண்டுவருவது என்று கண்டுபிடிக்கவே இரண்டு நாள் ஆனது. பிரிண்டர் சரியாக வர இன்னும் ஒரு வாரம். அதற்குப் பிறகு திரும்பிப் பார்க்கவில்லை. இன்றும் பாமினி எழுத்துருவில் அடித்த கோப்புகளோடு ஆள் வருகிறார்கள். யூனிகோடுக்கு மாற்றி, லிப்ரேஆபிஸில் திறந்து, அடித்துக் கொடுத்துவிடுகிறேன்.

பயணத்துக்குக் காரணம் அம்மாவின் ஊர். தலைஞாயிறு பக்கம், அரிச்சந்திரா நதிக்கும் அடப்பாற்றுக்கும் நடுவில் உள்ள ஒரு சிற்றூர். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை ஏறியபோது நாலு நாள் அங்கிருந்து ஒரு தகவலும் இல்லை. ஐந்தாம் நாள் இங்கிருந்து அரிசி, போர்வை, மெழுகுவத்தி ஏற்றி ஒரு லாரியை அனுப்பினோம். திருத்துறைப்பூண்டியைத் தாண்டி நின்றுகொண்டு டிரைவர் போன் செய்தார்: "அக்கா, மேப்புல இதுக்கு அப்பறம் ரோடே காட்டல." அம்மா நாள்காட்டித் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கம் பேனாவால் பாதை வரைந்தார். எந்தப் பாலம், எந்த அரசமரம், எந்த வாய்க்கால் தாண்டி இடப்பக்கம். அதை நான் போனில் வாசிக்க வாசிக்க டிரைவர் ஓட்டினார். அரசமரம் விழுந்து கிடந்ததால் அந்தத் திருப்பத்தை விட்டுவிட்டு இரண்டு மைல் தள்ளிப் போய்த் திரும்பி வந்தார்.

அந்த நாள்காட்டித் தாளை வைத்துத்தான் நான் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் முதல் கோடு போட்டேன். உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் வரைபடம் அது. 2004-இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம், திருத்தலாம், தரவு முழுவதையும் இறக்கிக்கொள்ளலாம். ஏழு வருடத்தில் அம்மா ஊருக்குப் போகும் சாலைகளை வரைந்து முடித்தேன். வாய்க்கால்கள் மட்டும் பாக்கி. அவற்றின் பெயர்கள் எந்தச் செயற்கைக்கோள் படத்திலும் தெரியாது. பெரிய மாமாவின் தலைக்குள் இருக்கின்றன. மாமாவுக்கு எழுபத்து நாலு வயது.

சாயங்காலம் பெரிய கோயிலுக்குப் போனேன். விமானத்தை அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம் எனக்கு லாம்டன் ஞாபகம் வரும். 1802 ஏப்ரல் 10 அன்று சென்னை பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளக்கத் தொடங்கி, அங்கிருந்து முக்கோணம் முக்கோணமாக இந்தியாவை அளந்துகொண்டே போனவர் வில்லியம் லாம்டன். டெல்டாவில் குன்று கிடையாது; நாலா பக்கமும் தென்னையும் பனையும் மறைக்கும். அதனால் கோயில் கோபுரங்களின் மேலேயே கருவியை ஏற்றினார். 1808-இல் இந்தக் கோயிலில் கோணம் அளக்கிற, அரை டன் எடையுள்ள அவருடைய தியோடலைட்டை மேலே இழுக்கும்போது கயிறு அறுந்து, அது சுவரில் மோதி வட்டம் நசுங்கியது. ஆறு வாரம் கூடாரத்துக்குள் உட்கார்ந்து தானே அதை நிமிர்த்தினார். அன்று கயிறு பிடித்தவர்களின் பெயர்களை எந்த வரைபடத்திலும் எழுதவில்லை. அவர்களும் இந்த மண்ணை அளந்தவர்கள்தாம்.

இரண்டாம் நாள் – அக்டோபர் 2, வியாழன், மாமா ஊர்

காலை பஸ். திருவாரூர், திருத்துறைப்பூண்டி, அங்கிருந்து நகரப் பேருந்து. வழி நெடுக நேரடி விதைப்பு முளைத்து விரல் உயரம் நிற்கிறது. சில இடத்தில் இப்போதுதான் நடவு. ஜூன் 12-ஆம் தேதி மேட்டூரில் திறந்த தண்ணீர் இங்கே கடைமடைக்கு வந்து சேரும்போது அதன் வேகமெல்லாம் போய், எறும்பு ஊர்கிற மாதிரி வரும். அதற்காகக் காத்திருக்கும் ஊர் இது.

மாமா வீட்டில் சாப்பிட்டுவிட்டு நேராகப் படிப்பகம். ஊர்ப் பிள்ளைகளே நடத்துவது. காலாண்டு விடுமுறை என்பதால் பதினைந்து பேர் இருந்தார்கள். மூன்று கணினிகள் எனக்காகக் காத்திருந்தன: அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப் இரண்டு, யாரோ நன்கொடையாகக் கொடுத்த பழைய மேசைக் கணினி ஒன்று.

விலையில்லா லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அந்தத் தொடக்க கால லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ், மத்திய அரசின் சிடாக் நிறுவனம் உருவாக்கிய இந்திய இயங்குதளம். தமிழ் இடைமுகத்தோடு வந்தது. எத்தனை பிள்ளைகளின் கைக்கு அது போய்ச் சேர்ந்தது! ஆனால் திறந்து காட்ட ஆள் இல்லை. "இடம் அடைக்குது" என்று ஏதோ ஒரு சர்வீஸ் கடையில் அந்தப் பகுதியையே அழித்துக் கொடுத்திருக்கிறார்கள். இந்த இரண்டு லேப்டாப்பிலும் அதே கதைதான். எனக்கு இது மனத்தாங்கல். பக்கத்துக் கேரளத்தில் பள்ளிக்கூடத்து ஐடி பாடமே லினக்ஸில் நடக்கிறது. ஆசிரியர்களுக்கு முதலில் கற்றுக்கொடுத்துவிட்டு அப்புறம் மெஷினைக் கொடுத்தார்கள். நம் பிள்ளைகளுக்கும் அப்படி ஒரு ஆள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் இந்நேரம் ஊருக்கு நாலு பேர் தேறியிருப்பார்கள்.

இரண்டில் புதியதில் விண்டோஸ் 10. வருகிற 14-ஆம் தேதியோடு அதற்கு இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிடும். "அப்ப இத தூக்கிப் போட வேண்டியதுதானாக்கா?" என்று ஒன்பதாம் வகுப்புப் பெண் கேட்டாள். கீபோர்டு நன்றாக இருக்கிறது, திரை நன்றாக இருக்கிறது. எதற்குத் தூக்கிப் போட வேண்டும்?

நான் கொண்டுபோனது டெபியன் 13. இந்த ஆகஸ்ட் 9 அன்றுதான் வந்தது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் பிறந்தநாளும் ஆகஸ்ட் 9. இரண்டும் ஒரே நாளில் அமைந்ததில் எனக்குத் தனிச் சந்தோஷம். வரைகலை நிறுவியில் மொழிப் பட்டியலை உருட்டி 'தமிழ்' என்று தேர்ந்தெடுத்ததும் அடுத்த கேள்வியிலிருந்து எல்லாம் தமிழில் வந்தது. பிள்ளைகள் திரைக்கு முன்னால் நெருக்கியடித்துக்கொண்டு உரக்க வாசித்தார்கள். கணினி தன்னோடு தமிழில் பேசுவதை அவர்கள் பார்ப்பது இதுதான் முதல் தடவை. இந்த மொழிபெயர்ப்பை வருடக்கணக்காகச் சம்பளமில்லாமல் செய்தவர்கள் இருக்கிறார்கள். அந்த நேரத்தில் அவர்களை மனசாரக் கும்பிட்டேன்.

முதல் லேப்டாப் முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. எக்ஸ்எஃப்சிஇ மேசைச்சூழல், பயர்பாக்ஸ், லிப்ரேஆபிஸ். இரண்டாவதில் 2 ஜிபி ராம்தான். அதன் ஹார்டு டிஸ்க் கரகரவென்று சத்தம் போட்டது. நான் கொண்டுபோயிருந்த ஒரே எஸ்எஸ்டியை அதற்கு மாட்டினேன். எல்லாம் ஏறியது, வைஃபை மட்டும் வரவில்லை. உள்ளே இருப்பது பழைய பிராட்காம் அட்டை. டெபியன் 12-லிருந்து, சாதனங்களை இயக்கும் உள்மென்பொருளான ஃபர்ம்வேர் நிறுவியோடேயே வருகிறது. ஆனால் இந்த அட்டையின் ஃபர்ம்வேரைச் சேர்த்துக் கொடுக்க உரிமம் இடம் தராது. இணையத்தில் இருந்து தனியாகத்தான் இறக்க வேண்டும். வைஃபை வேண்டுமென்றால் ஃபர்ம்வேர் வேண்டும், ஃபர்ம்வேர் வேண்டுமென்றால் இணையம் வேண்டும்.

என் போனை யுஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு சேர்த்து, போனின் இணையத்தை அதற்குக் கொடுக்கும் டெதரிங்கைப் போட்டேன். லினக்ஸ் அதை உடனே கம்பி இணைப்பாக எடுத்துக்கொண்டது. படிப்பகத்துக்குள் சிக்னல் ஒரு கோடுதான். ஒரு பையன் ஓடிப்போய் நீளமான கேபிள் கொண்டுவந்தான். போனை ஜன்னல் கம்பியில் சணல் போட்டுக் கட்டினோம். இரண்டு கோடு. ஃபர்ம்வேர் இறங்குகிற சதவீதத்தைப் பதினைந்து பேரும் கூட்டாக எண்ணினார்கள். எழுபத்தெட்டில் நின்றது. மூச்சுச் சத்தம் கூட இல்லை. பிறகு ஒரே தாவலில் நூறு. மறுபடி தொடங்கியதும் வைஃபை பட்டியல் வந்தது. பக்கத்து வீட்டு வைஃபையின் பெயரைப் பார்த்து எல்லோரும் கைதட்டினார்கள்.

மேசைக் கணினி 32-பிட். டெபியன் 13-இல் 32-பிட்டுக்கு நிறுவியே கிடையாது. அதற்கு 12-ஐப் போட்டுக் கொடுத்தேன். தட்டச்சுப் பழக அது போதும்.

இரவு ஒரு பையன் கேட்டான், பன்னிரண்டாம் வகுப்பு: "மேப்பு வரையுறதுக்குக் காசு தருவாங்களாக்கா?" தரமாட்டார்கள் என்றேன். பின்னே எதற்கு என்று அவன் கேட்கவில்லை, முகம் கேட்டது. 2010 ஜனவரி 12 ஹைட்டி நிலநடுக்கத்தைப் பற்றிச் சொன்னேன். தலைநகருக்கே சரியான வரைபடம் இல்லாத நிலையில், பல நாடுகளில் இருந்து நூற்றுக்கணக்கானவர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துத் தெருத்தெருவாக வரைந்தார்கள். மீட்புப் படையினர் அதைத் தங்கள் ஜிபிஎஸ் கருவிகளில் ஏற்றிக்கொண்டு இடிபாடுகளுக்குள் போனார்கள். 2015 சென்னை வெள்ளத்தில், தண்ணீர் நிற்கிற தெரு எது என்று மக்களே இதே வரைபடத்தின் மேல் குறித்தார்கள். இங்கே கஜா அன்று ஒரு லாரி எங்கே நின்றது என்பதையும் சொன்னேன். "எங்க வீட்டு ஓடு பறந்த அன்னிக்கு அந்த லாரி அரிசிதான் சாப்பிட்டோம்" என்றான். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மூன்றாம் நாள் – அக்டோபர் 3, வெள்ளி

இன்றைய நாளுக்காகத்தான் வந்தேன்.

பெரிய மாமா பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஷட்டரை ஏற்றுவதும் இறக்குவதும், முறை வைத்துத் தண்ணீர் விடுவதும், கரை உடைந்தால் ராத்திரியில் மண்வெட்டியோடு ஓடுவதும் முப்பத்தொரு வருடம் அவர் வேலை. ஆறு, அதில் இருந்து பிரிகிற ஏ பிரிவு வாய்க்கால், அதில் இருந்து பி பிரிவு, அப்புறம் சி, டி என்று போய் வயலில் முடியும். காகிதத்தில் இவற்றுக்கு எண்கள்தான். வாயில் எல்லாவற்றுக்கும் பெயர் உண்டு.

காலை ஆறரைக்குக் கிளம்பினோம். மாமா, நான், நேற்றைய பன்னிரண்டாம் வகுப்புத் தம்பி. என் போனில் ஓஎஸ்எம்ஆண்ட் என்ற வரைபடச் செயலி நடந்த தடத்தைப் பதிவு செய்துகொண்டே வந்தது. தம்பி தன் போனில் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்ற செயலியைப் போட்டிருந்தான். அது வழியில் ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்கும்: இந்தச் சாலை தாரா, மண்ணா? இந்தப் பாலத்தில் எத்தனை டன் வரை போகலாம்? பதில் தொட்டால் போதும், சிக்னல் கிடைக்கும்போது அதுவே ஏற்றிவிடும். "நெட்டு இல்லாம எப்டிக்கா நம்ம நிக்கிற எடம் தெரியுது?" என்றான். போன் வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் நேரத்தைக் கேட்டுக் கணக்குப் போடுகிறது, அதற்குச் சிம் கார்டே வேண்டாம் என்றேன். சிம்மைக் கழற்றிவிட்டு இருபது அடி நடந்து பார்த்தான். புள்ளியும் நடந்தது. மாமா நின்று அதை எட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல புள்ள" என்றார். தம்பியைச் சொன்னாரா புள்ளியைச் சொன்னாரா தெரியவில்லை.

வாய்க்காலை வாய்க்காலாகப் பார்க்க மாமாவோடு நடக்க வேண்டும். வெங்காயத்தாமரை எங்கே அடைத்திருக்கிறது, எங்கே கரை மெலிந்திருக்கிறது, எந்த மதகின் பலகை உளுத்துவிட்டது, எல்லாம் நடக்கும்போதே சொல்லிக்கொண்டு வந்தார். நான் நின்று நின்று குறித்தேன். வரைபடத்தில் மதகுக்குத் தனிக் குறி உண்டு. பெரிய வாய்க்காலுக்கு ஒரு வகை, வரப்போரச் சின்ன ஓடைக்கு இன்னொரு வகை. தம்பி ஓர் இடத்தில், "கூகுள்ல பாத்துப் போட்டுட்டா சீக்கிரம் முடியுமேக்கா" என்றான். கூடாது என்றேன். அது அவர்களுடைய தரவு, எடுத்து ஒட்டினால் நாம் வரைந்ததெல்லாம் கறைப்பட்டுப்போகும், மொத்தமாக அழிக்க வேண்டிவரும். நாம் நடந்து பார்த்தது, கேட்டது, வரைய அனுமதி உள்ள செயற்கைக்கோள் படத்தில் கண்டது, இவ்வளவுதான் நம்முடையது.

ஒன்பது மணி வாக்கில் ஒரு பி வாய்க்காலின் தலைப்புக்கு வந்தோம். பக்கத்தில் துறையின் பலகை. எண் மட்டும் இருந்தது. "இது புங்கடி வாய்க்கா" என்றார் மாமா. தலைப்பில் மூன்று புங்கமரம் இருந்ததாம். கடைசி மரம் கஜாவில் போய்விட்டது. நான் 'புங்கடி வாய்க்கால்' என்று தட்டிக்கொண்டிருக்கும்போது தென்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் குரல் கொடுத்தார்.

"என்னா லஸ்கரே, யாரு இந்தப் பொண்ணு?"

"தங்கச்சி மவ. வாய்க்கா பேரெல்லாம் எழுதிக்கிட்டுப் போவுது."

"என்னான்னு எழுதுது?"

"புங்கடி வாய்க்கான்னுதான்."

"அது ஒங்களுக்கு. எங்களுக்கு எங்க தாத்தா காலத்துலேருந்து தோப்பு வாய்க்காதான்."

இரண்டு பேரும் கரைக்கு இந்தப்பக்கம் ஒருவர், அந்தப்பக்கம் ஒருவராக நின்று பேசினார்கள். கோபமெல்லாம் இல்லை. ஆனால் யாரும் விட்டுக்கொடுக்கவும் இல்லை. நான் நடுவில் விளக்கப் பார்த்தேன்: முதன்மைப் பெயர் ஒன்று, மாற்றுப் பெயர் இன்னொன்று, துறையின் எண் தனியாக, மூன்றுக்கும் வரைபடத்தில் இடம் உண்டு என்று. "அப்ப மொதப் பேரு யாருது?" என்றார் ஆட்டுக்காரப் பெரியவர். சரியான கேள்வி. என்னிடம் பதில் இல்லை.

மாமா கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் குச்சியால் கீழே காட்டினார். "பாப்பா, அஞ்ச மூங்கிக் கொத்துக்குப் பக்கத்துல மதகு இருக்கு பாரு. அதுக்கு மேல இந்தத் தண்ணி முழுக்க வடகரைக்குத்தான் பாயுது. மதகுக்குக் கீழ ஒரு சொட்டு எங்களுக்கு இல்ல, எல்லாம் தென்கரைக்கு. மேல புங்கடி, கீழ தோப்பு. அவ்வளவுதான்." ஆட்டுக்காரப் பெரியவர் ஒரு நிமிஷம் யோசித்தார். "ஆமா, அதான நியாயம்" என்றார்.

ஏழு வருடமாக வரைகிறேன். இந்தக் கோணத்தில் நான் யோசித்ததே இல்லை. என் மனதில் வாய்க்கால் ஒரு கோடு, கோட்டுக்கு ஒரு பெயர். இவர்களுக்குப் பெயர் தண்ணீரோடு போகிறது; யார் வயலில் பாய்கிறதோ அவர்கள் பெயர். வரைபடத்தில் ஒரு கோட்டை எந்தப் புள்ளியிலும் வெட்டி இரண்டு துண்டாக்கி, தனித்தனிப் பெயர் கொடுக்க முடியும். மூங்கில் கொத்துக்குப் போய், மதகின் மேல் நின்று, புள்ளியைக் குறித்தேன். மூங்கில் அடர்ந்து வானத்தை மறைத்ததால் போன் கொஞ்சம் தடுமாறியது. இரண்டு நிமிடம் காத்திருந்து குறித்தேன்.

மத்தியானம் வரை பதினெட்டு வாய்க்கால், இருபத்திரண்டு மதகு, தண்ணீர் அளவைக் கட்டுப்படுத்தும் ஒரு இயக்கு அணை. பதினெட்டில் பதினான்குக்கு இதற்கு முன் எங்கேயும் எழுத்தில் பெயர் இருந்ததாக மாமாவுக்கு நினைவில்லை. வீட்டுக்கு வந்ததும் அத்தை ரசம் ஊற்றும்போது, மாமா திடீரென்று, "ஏம் பாப்பா, நான் போனதுக்கு அப்பறமும் இது இருக்குமுல்ல?" என்று கேட்டார். இருக்கும் மாமா என்றேன். அத்தை அவரை அதட்டினார். அவர் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

நான்காம் நாள் – அக்டோபர் 4, சனி, வேதாரண்யம்

கிளம்புவதற்கு முன் காலையில் படிப்பகத்துப் பெண்கள் இரண்டு பேர் தங்கள் தெருவுக்குக் கூட்டிப்போனார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம், அறுபது வீடு. எல்லா வரைபடங்களிலும் ஊர் இருக்கிறது, இந்த அறுபது வீடு இல்லை. நான் வரைந்ததிலும் இல்லை. அம்மாவின் நாள்காட்டித் தாளில் அந்தப் பக்கமே கிடையாது. ஏழு வருடம் கழித்துத்தான் எனக்கு இது உறைத்தது என்பது வலிக்கிறது. கஜாவில் நாங்கள் அனுப்பிய லாரி ஆற்றுக்கு இந்தப் பக்கத்தோடு நின்றது.

பெயர் என்ன போடுவது என்று கேட்டேன். துறைக் காகிதங்களில் எல்லாம் முன்னால் சாதியைச் சுட்டும் ஒரு சொல், பின்னால் 'காலனி'. 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களில் இருந்து நீக்குவதாக இந்த ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள், பாட்டிகளைக் கேட்டார்கள், ஒரு பெயரைச் சொன்னார்கள். அந்தத் தெருவார் தங்களுக்குள் எப்போதும் புழங்குகிற பெயர் அது. அதைத்தான் போட்டேன். தமிழ்ப் புலத்தில் தமிழில், ஆங்கிலப் புலத்தில் அதன் ஒலியை அப்படியே. வீடுகளை அவர்களே செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து லேப்டாப்பில் வரைந்தார்கள். அறுபதில் நாற்பத்தேழு முடித்தார்கள். மிச்சம் அவர்கள் வேலை. கணக்கு உருவாக்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் வேதாரண்யம். சாலையை ஒட்டியும் விலகியும் ரயில் பாதை வந்தது. திருத்துறைப்பூண்டியில் இருந்து அகஸ்தியம்பள்ளி வரை 37 கிலோமீட்டர். அகலப்பாதையாகி 2023 ஏப்ரலில் திரும்பவும் ரயில் ஓடத் தொடங்கியது.

இந்த வழியாகத்தான் 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் உப்புச் சத்தியாகிரகிகள் நடந்தார்கள். 13-ஆம் தேதி திருச்சியில் கிளம்பி, மாதக் கடைசியில் இங்கே உப்பு அள்ளினார்கள். வழியில் சோறு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ சிறை என்று தஞ்சை கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டிருந்தார். ஊர்க்காரர்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். எந்த மரத்தில் என்பது நடந்தவர்களுக்கும் கட்டியவர்களுக்கும் மட்டும் தெரியும். அந்த மரங்கள் எவை என்று ஒரு பட்டியல் இருந்திருந்தால் இந்த வழி முழுக்க நான் ஒவ்வொன்றாகக் குறித்திருப்பேன்.

அகஸ்தியம்பள்ளி உப்பளங்களை வெயில் தாழ்ந்த பிறகு பார்த்தேன். மழை நெருங்குகிறது, உற்பத்தி முடிந்து குவியல்களின் மேல் கீற்று மூடியிருந்தார்கள். அறைக்கு வந்து, வரைபடம் திருத்தும் ஜோசம் மென்பொருளைத் திறந்து மூன்று நாள் தடங்களையும் போட்டேன். என் லேப்டாப்பிலும் நினைவகம் குறைவு. ஆனால் ஒரு ஊர் அளவுக்கு ஜோசம் தாராளமாக ஓடும். இரவு பதினொன்றரைக்குப் பதிவேற்றினேன். மாற்றக் குறிப்பில், 'களத்தில் நடந்து, ஓய்வுபெற்ற லஸ்கர் சொன்ன பெயர்கள்' என்று எழுதினேன்.

ஐந்தாம் நாள் – அக்டோபர் 5, ஞாயிறு, கோடியக்கரை

காலை முதல் பஸ். ராமர் பாதம் ஒரு மணல் மேடு; இந்தச் சமவெளியில் அதுதான் உயரம். மேலே நின்றால் காடு, சதுப்பு, தூரத்தில் கடல். வெளிமான் கூட்டம் ஒன்று புல்வெளியில் நின்று பார்த்துவிட்டுத் துள்ளிக்கொண்டு போனது. இந்தச் சரணாலயம் 1967-இல் இருந்து இருக்கிறது. இங்கே நான் பாதைகளையும் கண்காணிப்புக் கோபுரத்தையும் மட்டும் சரிபார்த்தேன். மான் எங்கே மேய்கிறது, பறவை எங்கே இறங்குகிறது என்பதை வரைபடத்தில் போடக் கூடாது என்பது என் உறுதி. எல்லாவற்றையும் எல்லோருக்கும் காட்டக் கூடாது.

கடற்கரையில் பழைய கலங்கரை விளக்கத்தின் இடிந்த செங்கல். சோழர் காலத்தது என்பார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி அதைச் சாய்த்தது. நான் அதை நிற்கிற விளக்கம் என்ற வகையில் இருந்து இடிபாடு என்ற வகைக்கு மாற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. படிப்பகத்துத் தம்பி.

"அக்கா, தாத்தாட்ட குடுக்குறேன்."

"பாப்பா, இந்தப் பய பொட்டியில காட்டுனான். எல்லாம் வந்துருக்கு. அந்த மதகு தப்பா இருக்கு."

"எந்த மதகு மாமா?"

"மூங்கிக் கொத்து மதகு. வளைவுக்கு அந்தாண்ட வச்சிருக்க. அது இந்தாண்டல்ல இருக்கு. இருபதடி மேக்க வரணும். நீ வச்சிருக்குற எடத்துல பாத்தா வடகரையில ரெண்டு மா நெலம் புங்கடியிலேருந்து தோப்புக்குப் போயிருது. நாளைக்கு எவனாச்சும் இதக் காட்டிச் சண்டைக்கு வந்தா?"

மூங்கில்தான் வேலையைக் காட்டியிருக்கிறது. மணலில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். வெயிலில் திரை தெரியவில்லை. துப்பட்டாவைத் தலைக்கு மேல் போட்டு மூடிக்கொண்டேன். போனில் இருந்து டெதரிங். செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கினால் வாய்க்காலின் வளைவு மங்கலாகத் தெரிகிறது. மாமா லைனில் இருந்தபடியே சொன்னார், நான் புள்ளியை நகர்த்தினேன். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். மதகு நகர்ந்ததும் இரண்டு பெயர்களும் சந்திக்கிற இடமும் அதோடு நகர்ந்தது.

"ஏத்திட்டேன் மாமா. கொஞ்ச நேரம் கழிச்சு அந்தத் தம்பிய மறுபடி தொறக்கச் சொல்லுங்க."

மாமா போனை வைக்கவில்லை. தம்பி மேசையில் கிடத்தினான் போல. பின்னால் பிள்ளைகள் பேசும் சத்தம், யாரோ நாற்காலி இழுக்கும் சத்தம். ஏழெட்டு நிமிடம் நானும் வைக்கவில்லை. அப்புறம் மாமா குரல், என்னிடம் இல்லை, தம்பியிடம்: "ஆங், இப்ப சரி. அந்த இயக்கு அணையக் காட்டு."